வண்டிக்குள் ஒரு மின் நிலையம்

(எம்.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சுவரிலுள்ள பொத்தானைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. அந்த ஒளி எங்கே பிறந்தது, எத்தனை கல் தொலைவு நடந்து நம் அறைக்கு வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் விழும் காவிரியைக் கொண்டு மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். 1905ஆம் ஆண்டில் அதே காவிரி பெங்களூர் வீதிகளில் விளக்காக எரிந்தது. அன்று தொட்டு மின்சாரம் என்றால் கம்பி, கம்பி என்றால் கம்பம் என்பதே நம் உள்ளத்தில் பதிந்துவிட்ட உருவம். அப்படியானால் கம்பம் நாட்டப்படாத இடத்தில் வாழ்பவன் என் செய்வான்? இன்று ஓரிடம், நாளை ஓரிடம் என்று நகர்ந்துகொண்டே இருக்கும் வண்டியில் விளக்கேற்ற விரும்புபவன் என் செய்வான்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் தேவையும்

நாம் வாழும் இடத்தின் பெயரே எலெக்ட்ரானிக் சிட்டி. 1970களின் இறுதியில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்தின் முதல் தலைவரான ஆர். கே. பாலிகாவின் கனவில் உருவானது இது. கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில் எழுந்தது. இன்று கண்ணாடி மாளிகைகள் இரவெல்லாம் ஒளிர்கின்றன. 2010இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடமும் வந்தது. ஆனால் அம்மாளிகைகளைக் கட்டும் கைகள் எங்கே உறங்குகின்றன? வேலை நடக்கும் மனைக்குப் பக்கத்துக் காலியிடத்தில், தகரக் கொட்டகையில்! ஒரு கட்டடம் முடிந்தால் கொட்டகை பிரிக்கப்படும். அடுத்த மனையில் மீண்டும் எழும். பல கொட்டகைகளில் ஒரு குண்டு விளக்குக்கு மேல் இல்லை. சிலவற்றில் அதுவும் இல்லை.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. தருமபுரிப் பக்கத்து மானாவாரி நிலம் கைவிட்டபோது கட்டட வேலை தேடி இங்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் பள்ளிப் பாடங்களில் பாதியை அத்தகைய கொட்டகைகளில்தான் படித்தேன். அங்கு பிள்ளைகளுக்குப் படிப்பில் விருப்பமில்லை என்று சொல்வோர் உண்டு. விருப்பத்திற்குக் குறைவில்லை, மாலை ஆறரை மணிக்குப் பின் வெளிச்சத்திற்கே குறைவு.

ஆகவேதான் நம் மன்றம் சென்ற ஆண்டு நடமாடும் நூலகம் ஒன்றை அமைக்க முடிவு செய்தது. பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள பழைய இழுவண்டி, அதாவது டிரெய்லர், ஒன்று கிடைத்தது. தட்டுகள் அடித்துத் தமிழ் நூல்களை அடுக்கினோம். ஒரு தட்டில் கன்னட நூல்களும் உள்ளன. நாளுக்கு ஒரு கொட்டகை வரிசை என மாலையில் வண்டி போய் நிற்கும். பெரியவர்கள் வேலை முடிந்து வரும் நேரமும் அதுதான். நூல்களைத் தேடுவதைவிடக் கடினமான வேலை அவற்றைப் படிக்க வெளிச்சம் தருவது. அந்தப் பொறுப்பு என்னிடமும் இரு நண்பர்களிடமும் வந்தது. மன்றத்துப் பணத்தில் பெரும்பகுதி எங்கே போயிற்று என்று கேட்கும் உறுப்பினர்களுக்கு இக்கட்டுரை கணக்குமாகும்.

நமக்கு முன் நடந்தவர்கள்

வண்டியில் நூலகம் தமிழர்க்குப் புதிதன்று. சென்னை நூலகச் சங்கம் 1928இல் தோன்றி, எஸ். ஆர். அரங்கநாதனாரின் நூலக இயக்கம் வளர்ந்து வந்த நாளில், 1931ஆம் ஆண்டில், மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியிலே நூலகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். நம்முடையது அவ்வண்டியின் கொள்ளுப் பேரன். தாத்தாவுக்குப் பகல் போதும். பேரனுக்கு இரவும் வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

வண்டிக்குள் மின்சாரம் என்பதும் புதிதன்று. நாம் ஊருக்குப் போகும் இரயிலைப் பாருங்கள். 1955ஆம் ஆண்டில் பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய நீலப் பெட்டிகளின் வயிற்றுப் பக்கம் குனிந்து பார்த்தால் ஒரு மின்னாக்கியும் பெரிய பேட்டரிப் பெட்டியும் தொங்குவது தெரியும். சக்கர அச்சிலிருந்து பட்டை வழியே மின்னாக்கி சுழல்கிறது. வண்டி ஓடும்போது பேட்டரி நிரம்புகிறது. நிலையத்தில் நிற்கும்போது அதே பேட்டரி விளக்கையும் விசிறியையும் நடத்துகிறது. குளிர்சாதனம் இல்லாத பெட்டியில் அம்மின்னாக்கி 4.5 கிலோவாட், பேட்டரி 110 வோல்ட், 120 ஆம்பியர்-மணி. 2017 ஜூலை 14 அன்று தில்லியில் தொடங்கி வைத்த டீசல் மின் தொடர்வண்டி ஒன்றின் ஆறு பெட்டிகளில், பெட்டிக்குப் பதினாறு வீதம் 300 வாட் சோலார் பேனல்களைக் கூரைமேலேயே பொருத்தினார்கள்.

பெங்களூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணேறிய ஆரியபட்டா செயற்கைக்கோள் பீன்யாவின் தொழிற்கொட்டகைகளில் கட்டப்பட்டது. எந்தக் கம்பத்தையும் சாராமல் தொலைதூரம் சென்ற வண்டி அது! உடலெங்கும் கதிரவன் ஒளியை உண்ணும் கலங்கள். இருளில் ஓட உள்ளே பேட்டரி. மின்வழங்கும் பகுதியில் நேர்ந்த கோளாற்றால் நான்கைந்து நாள்களில் அதன் அறிவியற் சோதனைகள் நின்றுபோயின. எத்தனை நுட்பமான கருவிகள் இருந்தாலும் மின்சாரம் தளர்ந்தால் அனைத்தும் தளரும் என்னும் பாடத்தை விண்ணிலிருந்தே நம் நாடு கற்றது.

நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்திவேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்னும் இளங்கட்டடக் கலைஞர், ஆட்டோரிக்ஷா ஒன்றின் மேல் 36 சதுர அடியில் வீடு ஒன்றை அமைத்தார். 600 வாட் பேனல், 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் என்று 2020, 2021ஆம் ஆண்டுகளின் செய்தித்தாள்கள் எழுதின. மூன்று சக்கரத்தின் மேல் ஒரு வீடே நிற்குமாயின், நம் இழுவண்டியில் ஆறு விளக்குகள் எரியாவா?

முதலில் வரவு செலவுக் கணக்கு

இத்தகைய அமைப்பைத் தொடங்குவோர் பலரும் முதலில் பேனல் வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். அது பெண் பார்க்குமுன் பந்தல் போடுவது போன்றது. முதலில் செய்யத்தக்கது செலவுக் கணக்கு. ஒரு கருவி எத்தனை வாட், நாளுக்கு எத்தனை மணி என்று பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். நம் வண்டியின் ஒருநாள் செலவு இது:

எல்.ஈ.டி. விளக்குகள் ஆறு, ஒவ்வொன்றும் 5 வாட், 4 மணி — 120 வாட்-மணி.
12 வோல்ட் மேசை விசிறிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 15 வாட், 4 மணி — 120 வாட்-மணி.
மடிக்கணினி ஒன்று, 60 வாட், 2 மணி — 120 வாட்-மணி.
பத்துக் கைப்பேசிகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் — 100 வாட்-மணி.
கதை சொல்லும் ஒலிபெருக்கி, 20 வாட், 1 மணி — 20 வாட்-மணி.

ஆகக் கூடி 480 வாட்-மணி. கம்பியிலும் பேட்டரியிலும் கரையும் பங்கைச் சேர்த்து 600 என்று வைத்துக்கொள்வோம். நாம் வீட்டில் 'ஒரு யூனிட்' என்பது 1,000 வாட்-மணி. அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரத்தில் ஒரு நூலகமே நடக்கிறது என்பதை நண்பர்கள் மனத்திற் கொள்க. கைப்பேசிக்கு ஏன் இத்தனை பங்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஊரிலுள்ள தாயோடு பேசக் கைப்பேசியில் உயிர் இருக்க வேண்டும். அதற்காக வண்டிக்கு வருபவர் புத்தகத்தையும் புரட்டிப் பார்ப்பார். கோயிலுக்குச் சுண்டலுக்காக வந்த பிள்ளையும் சாமி கும்பிட்டுவிட்டுத்தானே போகிறது?

பேட்டரி என்னும் குதிர்

அறுவடை ஆண்டு முழுவதும் இல்லை. சோறு நாள்தோறும் வேண்டும். அதனால்தான் உழவன் குதிர் வைத்தான். பகலில் விளைந்த மின்சாரத்தை மாலைக்கு வைத்துக் காக்கும் குதிரே பேட்டரி. இரண்டு நாள் வானம் மூடியிருந்தாலும் வண்டி நிற்கக் கூடாது என்று முடிவு செய்தோம். எனவே 1,200 வாட்-மணி கையில் இருக்க வேண்டும்.

இருவகைப் பேட்டரிகள் நம் எதிரே நின்றன. ஒன்று, வீட்டு இன்வர்ட்டர்களுக்கு வாங்கும் ஈய-அமிலப் பேட்டரி. விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பாதிக்குமேல் அடிக்கடி காலி செய்தால் அதன் ஆயுள் விரைந்து குறையும். ஆகவே 1,200 வேண்டுமாயின் 2,400 வாங்க வேண்டும். அஃதாவது 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. எடை அறுபது கிலோவுக்கு மேல். ஏற்றும்போது அது நீரகவாயுவைக் கக்கும். காற்றில் அவ்வாயு நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றும். காகிதம் நிறைந்த மூடிய வண்டியில் இது வேண்டவே வேண்டா.

மற்றொன்று இலித்தியம்-இரும்பு-பாஸ்பேட் பேட்டரி. இதில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை அச்சமின்றி எடுக்கலாம். ஆகவே 1,500 வாட்-மணி போதும். கலம் ஒன்றுக்கு 3.2 வோல்ட் வீதம் நான்கு கலம் சேர்ந்து 12.8 வோல்ட், 120 ஆம்பியர்-மணி எடுத்தால் 1,536 வாட்-மணி. எடை பதினைந்து கிலோவை ஒட்டியது. ஏற்றி இறக்கும் சுற்றுகளும் இரண்டாயிரத்துக்கு மேல் தாங்கும். விலை கூடுதல்தான், ஆயினும் ஆயுளால் வகுத்துப் பார்த்தால் இதுவே மலிவு. இலித்தியம் என்றதும் தீப்பிடித்த வண்டிகளின் படங்கள் நினைவுக்கு வரும். இலித்தியப் பேட்டரிகள் எல்லாம் ஒரே இயல்பின அல்ல. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்து நிற்பதால், சூடேறினாலும் எளிதில் பிரிந்து தீக்குத் துணை போவதில்லை. நிக்கல், கோபால்ட்டு ஆக்சைடு வகைகளைவிட இது அமைதியான சாதி.

இவ்விடத்தில் தமிழ் மாணவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்பொருளைப் பேட்டரிக்கு உகந்ததென்று 1997ஆம் ஆண்டுக் கட்டுரையில் அறிவித்தவர்கள் பாதி, நஞ்சுண்டசாமி, ஜான் குட்இனஃப் ஆகியோர். அதற்கு முன்பே, 1980களில், ஆக்சைடுகளை விட்டு இத்தகைய பல்லணு அயனிப் பொருள்களின் பக்கம் குட்இனஃப்போடு சேர்ந்து வழி திறந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென்தமிழ்நாட்டின் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்றவர். 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு குட்இனஃப்புக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தபோது, குட்இனஃப்பின் சார்பில் சொற்பொழிவு ஆற்றியவரும் அவரே. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்ததால் காரைக்குடியில் மைய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. 1953இல் அது திறக்கப்பட்டது. பேட்டரி என்பது அயலார் மட்டும் அறிந்த வித்தையன்று என்பதற்கு இவை போதும்.

வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. இலித்தியப் பேட்டரிக்குள் 'பி.எம்.எஸ்.' என்னும் காவல் பலகை இருக்க வேண்டும். கலங்களில் எதுவும் மிகுதியாக ஏறாமலும், மிகுதியாக இறங்காமலும், அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயாமலும் அது தடுக்கும். மேலும், இவ்வகைப் பேட்டரியின் மின்னழுத்தம் தொண்ணூறிலும் முப்பதிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். எனவே வோல்ட்டு மானியைப் பார்த்து இருப்பை அறிய இயலாது. போவதையும் வருவதையும் எண்ணும் ஆம்பியர்-மணி மானி ஒன்று தனியே வேண்டும்.

கதிரவன் தரும் கூலி

பேனலில் எழுதியிருக்கும் வாட் என்பது ஆய்வுக்கூடத்து வாட். கலத்தின் சூடு 25 பாகை, ஒளி சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்ற நிலையில் அளந்தது அது. நம் கூரைமேல் கலம் 60 பாகைக்குச் சுடும்; ஒரு பாகைக்கு நூற்றுக்கு 0.4 வீதம் குறைந்தால் இதிலேயே 14 பங்கு போயிற்று. தூசி, சாய்வு ஆகியவற்றையும் சேர்த்து எழுதியதில் முக்காற்பங்கே கைக்கு வரும் என்று கொள்வது நலம்.

பெங்களூரில் ஒரு நாளின் வெயிலைத் திரட்டி முழு வெயிலாக்கினால் ஆண்டுச் சராசரியில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தேறும். தென்மேற்குப் பருவ மேகத்தில் நான்கு. சில நாள்களில் அதிலும் பாதி. நாம் நான்கு என்றே எடுத்தோம். 600 வாட்-மணியை நான்காலும் முக்காலாலும் வகுத்தால் 200 வாட். இது வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாகும். குதிரில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே 160 வாட் பேனல் இரண்டு வைத்தோம். 320 வாட் நான்கு மணி வெயிலில் 960 வாட்-மணி தரும். செலவு போக மிச்சம் 360. ஒருநாள் மழையால் இழந்ததை இரண்டு நல்ல நாளில் மீட்டுவிடலாம்.

பேனலைச் சாய்த்து வைக்க வேண்டாவா என்று கேட்கலாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறோம். ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் உச்சி வேளையில் கதிரவன் நேர் தலைக்கு மேல் வருகிறான். கம்பத்துக்கு நிழலே விழாத நாள்கள் அவை. எனவே இங்குப் பேனலைத் தட்டையாக வைப்பதால் ஆண்டுக் கணக்கில் இழப்பது நூற்றுக்கு இரண்டு மூன்றே. ஓடும் வண்டியில் சாய்வுச் சட்டம் காற்றைப் பிடித்து ஆடும். அதனினும் தட்டையே மேல். கூரைக்கும் பேனலுக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி விட்டோம். காற்று நுழைந்து சூட்டைத் தணிக்கும்.

கதிரவனைவிட நிழலுக்கே அஞ்ச வேண்டும். பேனலின் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மணிகள் போன்றவை. ஒற்றையடிப் பாலத்தில் ஒருவன் நின்றுவிட்டால் பின்னால் வருவோர் எல்லாரும் நிற்பதுபோல், உள்ளங்கை அளவு நிழல் ஒரு கலத்தின் மேல் விழுந்தாலும் அவ்வரிசை முழுவதும் தளரும். உள்ளே வைத்திருக்கும் மாற்றுவழி டையோடுகள் இழப்பைக் குறைக்குமேயன்றிப் போக்கா. ஆகவே வண்டியைப் பகலில் மரத்தடியில் நிறுத்துவது நமக்கு இதம், பேட்டரிக்குப் பட்டினி.

நடுவில் நிற்கும் கணக்கப்பிள்ளை

பேனலை நேரே பேட்டரியோடு இணைத்தல் ஆகாது. 12 வோல்ட் பேனல் என்று விற்பது உண்மையில் வேலை செய்யும்போது 18 வோல்ட் தரும். வெறுமனே நின்றால் 22 வரை ஏறும். நம் பேட்டரிக்கு வேண்டியதோ 14.4 வோல்ட்டுக்கு மேற்படாத அழுத்தம். இரண்டுக்கும் நடுவில் நின்று முறை செய்வது சார்ஜ் கன்ட்ரோலர். இதில் இருவகை உண்டு. பழைய வகை பேனலைப் பேட்டரியின் அழுத்தத்துக்கு இழுத்து, மிச்ச வோல்ட்டை வீணாக்கிவிடும். எம்.பி.பி.டி. என்னும் புதிய வகை மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். நூறு ரூபாய்த் தாளைச் சில்லறை குறையாமல் மாற்றித் தரும் கடைக்காரரைப் போல. 320 வாட்டை 12.8 வோல்ட்டால் வகுத்தால் 25 ஆம்பியர். ஆகவே 30 ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்கினோம்.

இணைக்கும்போது முறை உண்டு. முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. கன்ட்ரோலர் தன் அழுத்தத்தைப் பேட்டரியைப் பார்த்தே அறிந்துகொள்கிறது. பேட்டரி இல்லாத வேளையில் பேனல் மட்டும் ஊட்டினால் அது திகைத்துக் கெடவும் கூடும்.

கம்பியும் ப்யூசும்

வீட்டில் 60 வாட் கருவி 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் இழுக்கும். அதே 60 வாட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். கம்பியில் கரையும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருபடியாக வளர்வது. ஆகவே இங்கே மெல்லிய கம்பி உதவாது. கணக்கிட்டுப் பார்ப்போம். பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் தொலைவு; போக வர பத்து மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை 0.117 ஓம். 5 ஆம்பியர் பாய்ந்தால் 0.58 வோல்ட் வழியிலேயே போகும்; பன்னிரண்டில் இது நூற்றுக்கு ஐந்து. 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.22 வோல்ட், நூற்றுக்கு இரண்டுக்கும் கீழ். இப்போது இரயில் பெட்டியில் ஏன் 110 வோல்ட் வைத்தார்கள் என்பது விளங்கும். 4,500 வாட்டை 24 வோல்ட்டில் கொண்டுசெல்ல 187 ஆம்பியர் வேண்டும். 110 வோல்ட்டில் 41 போதும்.

நகரத்துக் கடை ஒன்றில் செம்பு என்று கொடுத்த கம்பிச் சுருள் நண்பர் கையில் வழக்கத்தைவிட இலேசாக இருந்தது. கத்தியால் சுரண்டினோம், செம்புப் பூச்சுக்குக் கீழே வெள்ளை அலுமினியம் பல்லிளித்தது. அலுமினியத்தின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அத்துடன் இணைப்பு முனைகளில் நாளடைவில் தளர்ந்து சூடேறும் இயல்பும் அதற்கு உண்டு. சுருளைத் திருப்பிக் கொடுத்தோம். கம்பி வாங்கும் ஒவ்வொருவரும் சுரண்டிப் பார்த்தே வாங்குக.

12 வோல்ட் தொட்டால் அடிக்காது. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்பர் சிலர். அடிக்காது; ஆனால் சுடும். பேட்டரியின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரு நொடியில் பாய்ந்து இரும்பைப் பழுக்கக் காய்ச்சும். கையில் மோதிரமோ கடிகாரமோ அணிந்து பேட்டரியைத் தொடாதீர்கள். ஸ்பானரின் கைப்பிடியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பேட்டரியின் நேர் முனையிலிருந்து ஓர் அடிக்குள் ப்யூஸ் இருக்க வேண்டும். ப்யூஸ் கருவியைக் காப்பதற்கு என்று நினைக்கிறோம். அது முதலில் கம்பியைக் காப்பதற்கு. நம் வண்டியில் எல்லாம் ஒருங்கே ஓடினால் 240 வாட், அதாவது 20 ஆம்பியர். 10 சதுர மில்லிமீட்டர்க் கம்பியும் 40 ஆம்பியர் ப்யூசும் தலைவாயிலில் வைத்து, ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிச் சிறு ப்யூஸ் வைத்தோம்.

சுவிட்சிலும் கவனம் வேண்டும். வீட்டு மின்சாரம் ஒரு நொடியில் நூறு முறை சுழியைத் தொட்டுச் செல்கிறது. அதனால் சுவிட்சைப் பிரிக்கும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். பேட்டரியின் நேர்மின்னோட்டம் சுழியைத் தொடுவதே இல்லை; பொறி நீண்டு நின்று முனைகளைத் தின்னும். ஆகவே நேர்மின்னோட்டத்திற்கென்று குறித்த சுவிட்சுகளையே வாங்க வேண்டும். ஓசூர் சாலையின் குண்டுகுழிகளில் வண்டி குலுங்கும். இணைப்புகளை நன்றாக நசுக்கிப் பொருத்தி, சுருள் வாஷரோடு முறுக்கி, கம்பி தகரத்தைத் துளைக்கும் இடந்தோறும் இரப்பர் வளையம் இட்டோம். பேட்டரியை வண்டியின் தரையில், அச்சுக்கு அருகில் வார்ப்பட்டையால் பிணைத்தோம்.

இன்வர்ட்டர் வேண்டுமா?

வேண்டா என்பதே எங்கள் முடிவு. 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, மடிக்கணினியின் சார்ஜரில் மீண்டும் 20 ஆக இறக்குவது, குடத்து நீரை மாடிக்குத் தூக்கிப் பிறகு கீழே ஊற்றிக் குடிப்பது போன்றது. சும்மா இருக்கும்போதே இன்வர்ட்டர் 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், அணைக்க மறந்த ஒருநாளில் 240 வாட்-மணி போய்விடும். நம் ஒருநாள் செலவில் பாதி! காரில் பயன்படுத்தும் 12 வோல்ட் சார்ஜர்களே மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் போதும். மேலும் பிள்ளைகள் ஏறி இறங்கும் வண்டியில் உயிர் பறிக்கும் 230 வோல்ட் இல்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இனி யார் கையில்?

ஐந்து வாட் விளக்கு ஏறத்தாழ 500 லூமன் ஒளி தரும். இரண்டு சதுர மீட்டர்ப் பாயின் மேல் அது விழுந்தால் பொடி எழுத்தும் கண்ணை வருத்தாமல் தெரியும். அத்தகைய ஆறு விளக்குகளின் கீழ் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும், அவனுடைய கொத்தனார்த் தந்தையும் அடுத்தடுத்து அமர்ந்து படிக்கிறார்கள். இதற்கு மேல் இவ்வமைப்பின் பயனை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுவது ஓராண்டு வேலை; காப்பது ஆண்டுதோறும் வேலை. பேனலை வாரத்திற்கு ஒருமுறை விடியற்காலையில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வெயிலில் சூடேறிய கண்ணாடி மீது குளிர்நீர் ஊற்றலாகாது. மாதம் ஒருமுறை இணைப்புகளைத் தொட்டுப் பார்த்து, சுடுவது எது என்று கண்டு முறுக்க வேண்டும். மானியில் நாள்தோறும் வரவும் செலவும் குறிக்க வேண்டும். இருப்பு நாற்பதுக்குக் கீழ் இறங்கினால் முதலில் மடிக்கணினி, அடுத்து விசிறி, பின்னர் கைப்பேசி என்ற வரிசையில் நிறுத்த வேண்டும்; விளக்கைக் கடைசி வரை நிறுத்தலாகாது.

நாங்கள் மூவரும் வரும் ஏப்ரலில் தேர்வெழுதிப் பிரிகிறோம். வண்டி எங்களோடு வாராது, வரவும் கூடாது. இக்கணக்குகளைப் படித்து, 'இவ்வளவுதானா!' என்று தோன்றும் முதலாண்டு நண்பர் யாராயினும், தமிழ் இலக்கியம் பயில்பவராயினும் பொருளியல் பயில்பவராயினும், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மன்றத்து அறைக்கு வாருங்கள். ஸ்பானரும் குறிப்பேடும் அங்கே இருக்கின்றன. கதிரவன் கேட்காமலே கொடுக்கிறான். அதை வாங்கி மாலையில் பிறர்க்கு வழங்க ஆள் மட்டுமே வேண்டும்.